முகம் இரவல், கால் சொந்தம்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 26 வயது. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் வரைகிறேன். நாலு வருஷமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. முதலில் பென்சில், அப்புறம் வாட்டர்கலர், போன வருஷம் சீட்டுப் பணத்தில் ஒரு டேப்லெட் வாங்கினேன். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைய வேண்டும் என்று ஆசை. ஒரு பதிப்பகத்துக்கு ஐந்து படங்கள் அனுப்பினேன். ‘நன்றாக இருக்கிறது, ஆனால் ஐந்தும் ஐந்து பேர் வரைந்த மாதிரி இருக்கிறது. உங்களுக்கென்று ஒரு பாணி வந்த பிறகு அனுப்புங்கள்’ என்று பதில் வந்தது. அன்றிலிருந்து கையே ஓடவில்லை. எதை வரைந்தாலும் யாரோ வரைந்தது போலத் தெரிகிறது. ஒரு பாணியை நானே தேர்ந்தெடுத்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, இல்லை தானாக வருமா? அந்த ஐந்து படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் ஐந்து படங்களையும் அச்செடுத்து, ஒரு வாரமாக என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் நாள் பார்த்தபோது பதிப்பகத்தார் சொன்னது சரி என்றுதான் பட்டது. குடை பிடித்து நிற்கும் சிறுமிக்கு ஜப்பான் அனிமேக் கண்கள். பாட்டியும் பேத்தியும் பல்லாங்குழி ஆடும் படத்தில், வெளிநாட்டுச் சிறுவர் புத்தகங்களில் பார்க்கிற கிறுக்கல் கோடு. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குச் சின்னத் தலை, நீளக் கை; இப்போது எல்லா ஆப்களிலும் வருகிற தட்டையான வண்ணம். திருவிழாக் கூட்டத்தில் பழைய வாரப் பத்திரிகைச் சாயல். மாடு மேய்க்கும் பையன் மட்டும் வாட்டர்கலர். அவன் முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேன், எங்கே என்றுதான் நினைவில்லை.

மூன்றாம் நாள் காலையில் காபியோடு நின்றுகொண்டிருந்தபோது கால்கள் கண்ணில் பட்டன. குடைச் சிறுமியின் ஹவாய் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. பாட்டியின் குதிகாலில் வெடிப்பு. மெட்டி இறுகிய விரல் கொஞ்சம் வீங்கி, பக்கத்து விரலைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் ஆள் ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். திருவிழாவில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஒரு கொலுசுதான் இருக்கிறது. மாட்டுக்காரப் பையனின் கட்டைவிரல் மண்ணைக் கவ்விப் பிடித்திருக்கிறது. முகங்கள் ஐந்தும் ஐந்து வீட்டுப் பிள்ளைகள். கால்கள் அத்தனையும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

ஏன் இப்படி ஆனது? முகம் வரையும்போது நீங்கள் பார்த்த படங்கள் கைக்கு வருகின்றன. கால் வரையும்போது நீங்கள் பார்த்த ஆட்கள் வருகிறார்கள். ஜவுளிக்கடையில் கணக்கு மேஜை வாசலுக்குப் பக்கத்தில் இருக்குமோ? செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வருகிறவர்களின் கால்களை நாள் முழுக்க உங்களை அறியாமலே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ? எப்படியோ, காலை வரைய நீங்கள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. இன்ஸ்டாகிராமில் கால் வரையக் கற்றுத்தருகிறவர்கள் குறைவு என்பதும் உங்கள் அதிர்ஷ்டம்.

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. நான் வரைய வந்த புதிதில், அப்போது வாரப் பத்திரிகைகளில் கொடிகட்டிப் பறந்த ஒருவரின் பெண்களை அப்படியே வரைவேன். அதே கழுத்துச் சாய்வு, அதே பின்னல், அதே ஓரப் பார்வை. வீட்டில் எல்லோரும் ‘அவர் வரைஞ்ச மாதிரியே இருக்கு’ என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியர் என் ஃபைலைக் கடைசிவரை பொறுமையாகப் புரட்டிவிட்டு, ‘நல்லா இருக்கும்மா. ஆனா இதுக்கு நான் அவரையே கேட்டுடுவேனே’ என்றார். படியிறங்கும்போது அழுகை வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் வரைந்த பெண்கள் அவர் தெருவில், கல்யாண வீட்டில், கச்சேரியில் பார்த்தவர்கள். நான் பார்த்ததெல்லாம் அவர் வரைந்த பெண்களை. நகலின் நகலுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

உங்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். ஆனந்த விகடனில் மாலி என்று ஒரு ஓவியர் இருந்தார். அவரிடம் வந்து சேர்ந்த தஞ்சாவூர்க்கார இளைஞர் கோபாலனுக்குக் கோபுலு என்றும், நாமக்கல்காரர் சீனிவாசனுக்குச் சில்பி என்றும் பெயர் வைத்தவர் அவர்தான். வழிகாட்டி ஒருவர், பத்திரிகை ஒன்று, காகிதமும் மையும்கூட ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் இருவரும் மாலியைப் போலவும் வரையவில்லை, ஒருவர் மற்றவரைப் போலவும் வரையவில்லை. சில்பி கோயில் கோயிலாகப் போய், அங்கேயே உட்கார்ந்து, சிலைகளையும் தூண்களையும் ஆபரணத்தின் ஒவ்வொரு மணி வரைக்கும் வரைந்தார். கோபுலு பார்த்தது மனிதர்களை. நாதஸ்வரம் வாசிப்பவரின் உப்பிய கன்னம், தொடையில் தாளம் போடும் ரசிகரின் கை, திண்ணையில் சாய்ந்து வம்பு பேசும் உடம்பு. வசனமே இல்லாமல் சிரிக்க வைத்த பக்கங்கள் அவருடையவை. இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில்பியின் கோடு நிதானமாகப் போகும். சிலை எங்கும் எழுந்து போய்விடாது. கோபுலுவின் கோடு ஓடும்; மனிதன் அடுத்த நொடி வேறு மாதிரி உட்கார்ந்துவிடுவான். கோட்டின் வேகத்தை அவர்கள் உட்கார்ந்து முடிவு பண்ணியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ அது முடிவு பண்ணியிருக்கிறது.

கோபுலுவுக்கு வயதான காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை ஒத்துழைக்காமல் போனது. அவர் இடது கையால் வரைந்தார். பாணி என்பது மணிக்கட்டில் இருக்கிற வித்தை என்றால் அது அந்த வலது கையோடு போயிருக்க வேண்டும், இல்லையா?

இதோடு இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலத்துக் கோட்டோவியங்களின் அழகில் பாதி அச்சகத்தின் கட்டாயத்தால் வந்தது. ஈய எழுத்துக் கோத்து அச்சடிக்கிற லெட்டர்பிரஸ்ஸில், படத்துக்குத் துத்தநாகத் தகட்டில் பிளாக், அதாவது அச்சுக்கட்டை எடுப்பார்கள். கோட்டு பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் படத்தைப் புள்ளிகளாக உடைக்கிற ஹாஃப்டோன் பிளாக் எடுக்க வேண்டும். செலவு கூடுதல், சொரசொரப்பான பத்திரிகைக் காகிதத்தில் புள்ளிகள் அப்பிக்கொள்ளவும் செய்யும். ஆகவே புடவையில் நிழல் விழ வேண்டுமா, கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடு. அல்லது ஒரேயடியாகக் கறுப்பை நிரப்பு. இரண்டும் பிடிக்கவில்லையா, நிழலே வேண்டாம் என்று விடு. பெரிதாக வரைந்ததைச் சிறிதாக்கி அச்சிடுவார்கள் என்பதால் கோடு ரொம்ப நெருங்கினால் அடைத்துக்கொள்ளும். அதையும் நினைவில் வைத்துக்கொள். இந்த மூன்று நான்கு வழிகளுக்குள் ஒவ்வொருவரும் வாராவாரம், கெடு நேரத்தில், திரும்பத் திரும்ப எதைச் செய்தார்கள் என்பதைத்தான் இன்று நாம் அவரவர் பாணி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் டேப்லெட்டில் நூற்றுக்கணக்கில் பிரஷ். கணக்கில்லாத வண்ணம். தப்பானால் அன்டூ. எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வரவே இல்லை. டேப்லெட் வாங்கியது தப்பு என்று சொல்லவில்லை, நானும் அதில்தான் பாதி வேலை செய்கிறேன். ஆனால் ஒரு மூன்று மாதத்துக்கு அதை உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள். சீட்டுப் பணம் போட்டு வாங்கியது என்று மனசு அடித்துக்கொள்ளும். பரவாயில்லை.

அதற்குப் பதிலாக ஒரு பால்பாயிண்ட் பேனா. கடையில் வீணாகப் போகிற பில் தாள்களின் பின்பக்கம். நல்ல நோட்டு வேண்டாம்; நல்ல நோட்டில் எல்லோரும் அழகாக வரையப் பார்ப்போம். தினமும் மூன்று பேர், கடைக்கு வந்தவர்களில் யாராவது. அவர்கள் எதிரில் வரைய வேண்டாம், அவர்களுக்குச் சங்கடம், உங்களுக்கு முதலாளியிடம் வசவு. பார்த்து வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நினைவிலிருந்து வரையுங்கள். ஒரு நிபந்தனை: காலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் எல்லோரும் முட்டை வடிவம் போட்டுத் தலையில்தான் தொடங்குகிறோம். தலையில் தொடங்கினால் உடனே கண் வந்துவிடும், கண் வந்தால் கூடவே அனிமே வந்துவிடும். காலில் தொடங்கிப் பாருங்கள். பாதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இடுப்பைச் சொல்லும். இடுப்பு தோளைச் சொல்லும். கட்டைப் பையைப் பிடித்த கை தானாக ஒரு பக்கம் இறங்கும். இதையெல்லாம் முடித்துக் கழுத்துக்கு வரும்போது, கீழே ஒரு குறிப்பிட்ட ஆள் நின்றுகொண்டிருப்பார். அவர் தலையில் இரவல் கண்ணை ஒட்டினால் உங்களுக்கே கூசும். முதல் இரண்டு வாரம் முகங்கள் கோரமாக வரும். அதைக் கிழித்துப் போடாதீர்கள், ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து அத்தனை தாளையும் தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று பாருங்கள். எது அழகு என்று தேடாதீர்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். மூக்கை எங்கே நிறுத்துகிறீர்கள்? புடவைக்கு எத்தனை மடிப்பு போதும் என்று விட்டிருக்கிறீர்கள்? எதை வரையாமலே தாண்டியிருக்கிறீர்கள்? நீங்கள் விட்டுவிடுகிறவையும் கணக்கில் சேரும், சில சமயம் அவைதான் அதிகம் சேரும்.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். எனக்குக் குதிரை வராது. இன்றும் வராது. ஒரு சரித்திரத் தொடருக்கு வரையச் சொன்னபோது வாரத்துக்கு வாரம் குதிரை வந்து நின்றது. முதல் வாரம் மதில் சுவருக்குப் பின்னால் நிறுத்தினேன், இரண்டு காது மட்டும் தெரிந்தது. அடுத்த வாரம் புழுதி, ஒரு குளம்பு. அப்புறம் படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்ட வால். ‘படத்தை நறுக்கி நறுக்கி வைக்கிறீங்க, வித்தியாசமா இருக்கே’ என்று ஆசிரியர் பாராட்டினார். நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்று என் படங்களில் அந்த நறுக்கல்தான் அடையாளம் என்கிறார்கள். ஆனால் இதை நம்பி எல்லாப் பலவீனத்தையும் பாணி என்று கொண்டாடக் கூடாது. உங்கள் படங்களில் மூன்று பேர் கையைப் பின்னால் கட்டியிருக்கிறார்கள், ஒருவர் பைக்குள் விட்டிருக்கிறார். கை வரையப் பயம், தெரிகிறது! குதிரை இல்லாமல் பிழைத்துவிடலாம். சிறுவர் புத்தகத்தில் கை இல்லாமல் முடியாது. தினமும் கையையும் வரையுங்கள். இடது கை எப்போதும் எதிரிலேயே இருக்கிறது, காசு கேட்காது.

பிறரைப் பார்த்து வரைவது பாவமா என்று உங்கள் கடிதத்துக்குள் ஒரு குற்ற உணர்ச்சி ஒளிந்திருக்கிறது. பாவமே இல்லை. கோவாவின் கார்ட்டூனிஸ்ட் மரியோ மிராண்டா மேல் இங்கிலாந்துக் கார்ட்டூனிஸ்ட் ரொனால்ட் சேர்லின் தாக்கம் உண்டு. அவரே அதை மறைத்ததில்லை. ஆனால் மரியோ பத்திரிகைகளில் பேர் வாங்குவதற்கு முன்பே தன் நாட்குறிப்பைப் படமாக வரைந்துவந்தவர். ஊர்ப் பாதிரியார், பக்கத்து வீட்டு அம்மாள், கல்யாண விருந்து, எல்லாம் அதில் உண்டு. வெளியிலிருந்து வந்த கோடு அந்த ஊர்க் கூட்டத்துக்குள் இறங்கியபோது மரியோவின் கோடாகிவிட்டது. உங்களிடம் வந்த ஜப்பான் கண்ணும் அப்படித்தான். அதுவே இரவல் வாங்கி வளர்ந்த கண். அங்கே அதைப் பிரபலமாக்கிய காமிக்ஸ் ஓவியர் டெசுகா ஒசாமு, டிஸ்னி படங்களைப் பார்த்துக் கற்றதைத் தாமே சொன்னவர்.

நகல் எடுப்பதில் எனக்குப் பலன் தந்த ஒரு முறை இருக்கிறது. பிடித்த படத்தைப் பத்து நிமிஷம் உற்றுப் பாருங்கள். புத்தகத்தை மூடுங்கள். நினைவிலிருந்து வரையுங்கள். பிறகு திறந்து, எங்கெங்கே மாறியிருக்கிறது என்று பாருங்கள். பாதி மாற்றம் மறதி, அதை விடுங்கள். மீதி மாற்றம் உங்கள் கை ‘இப்படித்தான் இருக்கணும்’ என்று திருத்தியது. அந்த இடங்களில் மட்டும் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டு வையுங்கள். ஒருவரையே பத்து முறை நகல் எடுப்பதைவிட, ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாத நான்கு பேரை எடுப்பது நல்லது.

சரி, பதிப்பகத்துக்கு வருவோம். அவர்கள் ‘பாணி’ என்று எழுதினாலும் கேட்டது அநேகமாக வேறொன்று. 16 பக்கம் ஒரு பாரம் என்று அச்சில் கணக்கு. சிறுவர் படக்கதை பெரும்பாலும் ஒன்றரைப் பாரம், இரண்டு பாரம் வரும், அதாவது 24 அல்லது 32 பக்கம். மூன்றாம் பக்கத்தில் வந்த சிறுமி பதினேழாம் பக்கத்திலும் அதே சிறுமியாக இருப்பாளா என்பதுதான் அவர்களுடைய கவலை. பாதி வேலையில் படம் வேறு மாதிரி போய்விட்டால் நஷ்டம் அவர்களுக்கு. உங்கள் ஐந்து படங்களில் அதற்குப் பதில் இல்லை. ஐந்து கதை, ஐந்து கருவி, ஐந்து விதக் கோடு. இந்த ஒரு குறையைப் பாணி வருவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன்.

அடுத்த முறை ஒரே கதையிலிருந்து ஐந்து படம் அனுப்புங்கள். உங்கள் பாட்டி சொன்ன கதையாகவே இருக்கட்டும். அதே பெண் முன்பக்கம், பின்பக்கம், ஓடும்போது, தூங்கும்போது, கூட்டத்தில் விரல் அளவாக. அவள் உயரம் அவள் தலையைப் போல நாலு மடங்கா, ஐந்து மடங்கா என்று முதலிலேயே முடிவு பண்ணி ஒரு தாளில் வரைந்து எதிரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னல் எதுவரை வரும், பாவாடையில் பூ எவ்வளவு பெரிது, எந்தப் பல் விழுந்திருக்கிறது, எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். வண்ணம் ஆறு போதும். ஏழாவது வேண்டுமென்றால் இருக்கிற இரண்டைக் கலந்துகொள்ளுங்கள். கோட்டுக்கு ஒரே பருமன். ஐந்தையும் முடித்த பிறகு முதல் படத்தைத் திரும்ப வரையுங்கள், ஏனென்றால் ஐந்தாவதில் கை பழகி அந்தப் பெண் கொஞ்சம் மாறியிருப்பாள். ஒவ்வொரு புத்தகத்திலும் எனக்கு இது நடக்கிறது. இப்போதெல்லாம் முதல் பக்கத்தைக் கடைசியில்தான் வரைகிறேன்.

தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டீர்கள். கருவியைத் தேர்ந்தெடுங்கள், வண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள், யாரை வரையப்போகிறீர்கள் என்று தேர்ந்தெடுங்கள். பாணியைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. பிடித்துக்கொள்வதும் தேவையில்லை. 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி ஓவியர் ஆதிமூலம் காந்தியைக் கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ நூறு முறை வரைந்தார். ஒரே முகத்தை அத்தனை முறை வரையும்போது, சாயல் வந்ததா என்ற பயம் முதல் பத்து இருபதிலேயே தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கோடு தன் வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும். கடைக்கு வருகிறவர்களில் ஒருவரை நீங்களும் நூறு முறை வரையலாம். அதே ஆதிமூலம் பின்னாளில் உருவங்களையே விட்டுவிட்டு வண்ணங்களின் அரூப ஓவியத்துக்குப் போனார். வங்க ஓவியர் ஜாமினி ராய் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் தேறி, உருவப்படம் வரைந்து சம்பாதித்துக்கொண்டிருந்தவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகு அதை உதறிவிட்டு வங்கத்து நாட்டுப்புற ஓவியத்தின் பக்கம் திரும்பினார். வண்ணத்தைக் குழைக்கப் புளியங்கொட்டைப் பசை, கறுப்புக்கு விளக்குக் கரி. அவரோடு ஒப்பிட்டால் உங்களுக்கு இன்னும் நேரமே ஆகவில்லை.

எனக்கு ஏழெட்டு வருஷம் பிடித்தது. எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு தீபாவளி மலரில் லே-அவுட்டில் என் கையெழுத்தை வெட்டிவிட்டார்கள். சண்டை போடலாமா என்று கோபத்தோடு இருந்தேன். அன்று சாயந்திரம் மளிகைக் கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் காட்டி, ‘இது நீங்க போட்டதுதானே?’ என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘யாருமே நேரா நிக்க மாட்டேங்கிறாங்களே’ என்றார். நான் வரைகிறவர்கள் எல்லோரும் எதன் மீதாவது சாய்ந்துகொண்டிருப்பார்கள் என்பதை அன்றுதான் கவனித்தேன். என் அப்பா அப்படித்தான் நிற்பார், கதவு நிலையில் சாய்ந்து.

உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. குடைப் படத்தில் அந்த ஊக்கு குத்திய செருப்பு. ஊக்கு தலைகீழாக, வளைந்த முனை மேலே பார்க்கக் குத்தியிருக்கிறது. அதைக் கற்பனையில் வரைய முடியாது. அது யாருடைய செருப்பு? பால்பாயிண்ட் பேனாவை எடுத்து முதலில் அவரை வரைந்து அனுப்புங்கள், காலிலிருந்து தொடங்கி.